ஸ்பைரலைசர் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யலாம்

காயை நூல் நூலாகச் சீவித் தருகிற கருவி ஸ்பைரலைசர். எங்கள் வீட்டுக் கை ஸ்பைரலைசருக்கு நாலு வயது. முதல் வருடம் முழுக்க அது பரணில்தான் கிடந்தது. வாங்கி வந்த அன்று அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, உடுக்கைக்குள்ள பிளேடு வச்ச மாதிரி" என்றார். அதைவிடச் சரியாக அந்த வடிவத்தை யாரும் சொல்லிவிட முடியாது. நான் ஆர்வக்கோளாறில் முதல் காயாகச் சுரைக்காயைத் திணித்தேன். நூல் வரவில்லை, பஞ்சும் விதையும் கலந்த கூழ்தான் வந்தது. "அருவாமனை எங்கயும் போகல" என்று அம்மா சொல்ல, உடுக்கை பரணேறியது.

ஒரு வருடம் கழித்து, ஏதோ தேடப் போய் அது கையில் பட்டது. வீட்டில் அப்போது இருந்தது ஒரு வெள்ளை முள்ளங்கி. சொருகித் திருகினேன். ஒரே நூலாக, அறுபடாமல், தட்டு நிறைய விழுந்தது. அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. கருவியின் குறை என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் காயின் குறை. மீதியில் பெரும்பங்கு நம் கையுடையது. கருவி நிஜமாகவே கெட்டுப்போவது கடைசியில்தான்.

நான் சொல்லப்போவது உடுக்கை வடிவக் கை ஸ்பைரலைசருக்கு. இரண்டு முனையிலும் புனல் மாதிரி வாய், ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு பிளேடு, அதன் ஓரத்தில் சீப்பு போலப் பற்கள். பல மாடல்களில் ஒரு பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் நூலும் மறுபக்கம் 3 மில்லிமீட்டர் நூலும் வரும். பென்சில் சீவுகிற மாதிரி காயைச் சொருகித் திருக வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடி சுழற்றும் வகைக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

திருகத் திருகக் காய் வழுக்குகிறது, ஒன்றும் வரவில்லை

முதலில் திசையைப் பாருங்கள். பிளேடு ஒரு திசையில்தான் வெட்டும். வாய்க்குள் எட்டிப் பார்த்தால் அதன் கூர் விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரியும். காய் அந்த விளிம்பை நோக்கி வந்து மோத வேண்டும். பெரும்பாலானவற்றில் அது கடிகாரம் சுற்றும் திசை. என் தம்பி இடக்கைக்காரன். பத்து நிமிடம் எதிர்த்திசையில் திருகிவிட்டு, "பிளேடு மொட்டை அண்ணா" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். காயை அசையாமல் பிடித்துக்கொண்டு கருவியைத் திருகச் சொன்னேன். அது அவனுக்கு ஒத்துவந்தது.

திசை சரி என்றால், அடுத்தது வெட்டுமுகம். கேரட்டின் வால் நுனியை அப்படியே சொருகினால் அது பிளேடைத் தொடாமல் நடு ஓட்டைக்குள் போய்விடும். முனையை நேராக, தட்டையாக வெட்டுங்கள். முதல் மூன்று நான்கு சுற்றுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தம் கொடுக்க வேண்டும். அதற்குள் காயின் முனை கூம்பாகிப் புனலில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அழுத்தத்தைக் குறைத்துத் திருகினாலே போதும்.

ஈரமும் ஒரு காரணம். தோல் சீவிய காயும் கழுவிய கையும் சேர்ந்தால் சோப்புக் கட்டியைப் பிடித்த கதைதான். இரண்டையும் துணியில் துடையுங்கள். கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத கேரட்டை இதில் போடவே போடாதீர்கள், அது சாம்பாருக்குப் போகட்டும்.

நூல் வரவில்லை, அரைநிலாத் துண்டுகளாக விழுகிறது

அதிகம் பேர் புலம்புவது இதைப் பற்றித்தான். காரணமோ எளிமையானது. காய் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது அதன் எல்லாப் பக்கமும் பிளேடைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நூல் தொடரும். எங்கேனும் ஒரு பக்கம் விலகினால் அந்த இடத்தில் அறுந்துவிடும். சுற்றுக்கு ஒரு முறை அறுந்தால் விழுவது அரைநிலாதான்.

விலகுவதற்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, வளைந்த காய். வெள்ளரியும், அதே சாயலில் இருக்கிற சுக்கினியும் லேசாக வளைந்திருந்தாலே ஒரு பக்கம் எம்பிக்கொள்ளும். அதை எட்டு, பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். வளைந்த காயிலிருந்து எடுத்த சிறிய துண்டு கிட்டத்தட்ட நேர்தான். நீளமான நூல் வேண்டும் என்ற ஆசையில் முழுக் காயையும் சொருகுகிறவர்கள்தான் அரைநிலா வாங்குகிறார்கள். பத்து சென்டிமீட்டர் துண்டிலேயே அளக்கச் சலிக்கும் அளவுக்கு நூல் வரும்.

இரண்டு, கை சாய்வது. மணிக்கட்டு களைத்ததும் காய் தானாகவே ஒரு பக்கம் படுக்கும். கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது. கருவியை நிமிர்த்தி மேசையில் ஊன்றிக்கொண்டு, காயை மேலிருந்து திருகினால் சாய்வு குறையும். நூல் கீழே இறங்க இடம் வேண்டுமே என்பீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்துப் பிடித்தால் போதும்.

மூன்று, காய்க்குள் வெடிப்போ பொந்தோ இருப்பது. முற்றிய முள்ளங்கியில் நடுவே பஞ்சு விழுந்திருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது, வேறு காய் எடுங்கள்.

இந்தக் குறையை வேண்டுமென்றே வரவழைக்கவும் செய்யலாம். காயின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில், நடுவரைக்கும் ஒரு கீறல் போட்டுவிட்டுத் திருகுங்கள். ஒவ்வொரு சுற்றும் அந்தக் கீறலில் அறுந்து, சின்னச் சின்ன வளையங்களாக விழும். சின்னக் குழந்தைகளுக்கு நீள நூலைக் கொடுப்பதைவிட இது நல்லது. கோசம்பரி என்கிற பருப்பு சாலட்டுக்கும் இப்படித்தான் சீவுகிறேன்.

கூழாகக் கசங்கி வருகிறது

இதற்கு மருந்து சந்தையில்தான் இருக்கிறது. ஸ்பைரலைசருக்கு ஏற்ற காய் உறுதியாக, நேராக, நடுவில் பொந்தோ பெரிய விதையோ இல்லாமல், நாலு சென்டிமீட்டர் தடிமனில் இருக்க வேண்டும். இந்த உரைகல்லில் உரசினால் நம் ஊர்க் காய்களில் பாதி அடிபட்டுப் போகும்.

புடலங்காய் உள்ளே வெறும் பொந்து. பீர்க்கங்காய் மெத்தை. கத்தரிக்காய் பஞ்சு. சௌசௌவின் நடுவில் கொட்டை. வாழைத்தண்டை ஒரு முறை முயன்றேன். அதன் நார் பிளேடின் பற்களில் சிண்டு மாதிரி சுற்றிக்கொண்டது, எடுக்க அரைமணி நேரம் ஆனது. அதற்கு விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுக்கிற பழைய முறைதான் சரி. சேனைக்கிழங்கு பக்கம் போகாதீர்கள். திருகத் திருகச் சாறு கையில் இறங்கி அரிக்கும்.

சுரைக்காயில் நான் செய்த தப்பு, முற்றலை எடுத்தது. நகம் சுலபமாக இறங்குகிற பிஞ்சாக, குச்சி மாதிரி மெலிந்த நீளச் சுரையாக இருந்தால் வரும். குடுவை வகை என்றால் கழுத்துப் பகுதி மட்டும் ஆகும். நாட்டு வெள்ளரியில் விதைப்பகுதி பெரிது, சாலட்டுக்கு விற்கும் மெல்லிய பச்சை வெள்ளரி பரவாயில்லை.

அடித்துச் சொல்லக்கூடியவை நான்கு: வெள்ளை முள்ளங்கி, சுக்கினி, தடித்த ஊட்டி கேரட், உருண்டையாக இல்லாமல் நீண்ட பீட்ரூட். குளிர்காலத்தில் வருகிற சிவப்பு டெல்லி கேரட் நீளமாக இருந்தாலும் வால் சீக்கிரம் மெலிந்துவிடும், மேல்பாதிதான் உதவும். இந்த நான்கில் முள்ளங்கிக்குத்தான் முதல் மாலை. ஜப்பானியச் சமையல்காரர்கள் முள்ளங்கியைக் கத்தியாலேயே அறுபடாத மெல்லிய தாளாகச் சுற்றிச் சீவுவார்கள், கட்சுராமுகி என்று பெயர். அந்தத் தாளை அடுக்கி மெல்லிசாக நறுக்கித்தான் பச்சை மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் வெள்ளை நூல் குவியலாக வைக்கிறார்கள். அந்தக் கைத்திறன் வர வருடக்கணக்கில் பழக வேண்டும். நமக்கு இந்த உடுக்கை போதும்.

காய் நல்லதாக இருந்தும் கூழ் வந்தால், அது வதங்கியிருக்கும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கிடந்து ரப்பர் மாதிரி வளைகிற கேரட்டை அரைமணி நேரம் ஐஸ் தண்ணீரில் போட்டுவையுங்கள். தண்ணீரை உறிஞ்சி மறுபடி விறைத்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால்தான் பிளேடைச் சந்தேகப்பட வேண்டும்.

கை வலிக்கிறது, திருகவே முடியவில்லை

சர்க்கரைவள்ளி, நூல்கோல், முற்றிய பீட்ரூட் எல்லாம் இந்த வகைக் கருவிக்கு வேலை கொடுப்பவை. வாரம் ஒரு முறை இவற்றைத்தான் சீவுவீர்கள் என்றால், மேசையில் ரப்பர் உறிஞ்சியால் ஒட்டிக்கொள்கிற கைப்பிடி மாடல் வாங்குங்கள். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் அதுவே நல்லது. உடுக்கை மாடலில் சமாளிக்க வேண்டுமானால் துண்டைச் சின்னதாக்குங்கள், தடித்த நூல் வரும் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். வாய் அகலத்துக்குப் பிதுங்கி நிற்கிற காயைப் பக்கவாட்டில் சீவி, வாயைவிட ஒரு சுற்று சிறியதாக்குங்கள். அழுத்திக்கொண்டே திருகுவதுதான் பலரின் கை வலிக்குக் காரணம்.

வாழைக்காயில் வேறு தொல்லை, பிசின். கையிலும் பிளேடிலும் முதலிலேயே நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது.

கடைசியில் கூம்பு மாதிரி ஒரு துண்டு மிச்சமாகிறது

இது பழுதே இல்லை. கருவியின் வடிவம் அப்படி. அந்தத் துண்டைத் துரத்திப் பிடித்துச் சீவப் போகிறவர்கள்தான் விரலைக் கொடுக்கிறார்கள். எங்கள் அத்தை ஒரு முறை அப்படித்தான் நகத்தோடு சேர்த்துச் சீவிக்கொண்டு, இரண்டு வாரம் கட்டுப் போட்டிருந்தார். காய் மூன்று விரல் நீளத்துக்குக் குறைந்ததும், கருவியோடு வருகிற முள் வைத்த மூடியைக் குத்திப் பிடியுங்கள். அந்த மூடியைத்தான் எல்லோரும் முதல் வாரமே தொலைக்கிறோம். தொலைத்தவர்கள் முட்கரண்டியைக் குத்திக்கொள்ளலாம். மிச்சக் கூம்பு பொரியலுக்குப் போகட்டும்.

சமைத்தால் கடாயில் குளம் கட்டுகிறது

சுக்கினியிலும் வெள்ளரியிலும் எடையில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர். கேரட்டில் 88 விழுக்காடு அளவுக்கு இருக்கிறது. நூலாகச் சீவும்போது அந்தத் தண்ணீர் வெளியேற ஆயிரம் வாசல் திறந்துவிடுகிறோம். உப்பும் சூடும் பட்டவுடன் அது வெளியே வரத்தான் செய்யும். இதை நூடுல்ஸ் என்று நினைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கதை முடிந்தது.

சுக்கினி என்றால் கால் கிலோவுக்கு அரை ஸ்பூன் உப்பு தூவி, வடிதட்டில் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு மெல்லிய வேட்டித் துணியில் போட்டுப் பிழியுங்கள். துணியைத் திருகி முறுக்காமல், உள்ளங்கையால் அமுக்கினால் நூல் உடையாது. வருகிற தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்தத் தண்ணீரைக் குழம்பில் விட்டுவிடலாம், ஆனால் உப்பு இருக்கிறது என்பதை நினைவில் வைத்து.

அப்புறம் அகலமான இரும்புக் கடாய், பெரிய தீ, ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். மூடி போடக் கூடாது. ஒரே நேரத்தில் கடாயை நிரப்பவும் கூடாது. நிரப்பினால் வதங்காது, தன் ஆவியிலேயே வெந்துவிடும். இஞ்சி, பூண்டு, மிளகாய் எல்லாவற்றையும் முதலில் எண்ணெயில் வதக்கித் தயாராக வைத்துக்கொண்டு, நூலைக் கடைசியில் போட்டுப் புரட்டி இறக்குங்கள். ஊற்றுகிற மசாலா எதுவாக இருந்தாலும் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கட்டும். காய் விடுகிற தண்ணீர் அதைச் சரியான பதத்துக்கு இளக்கிக்கொள்ளும்.

கேரட், பீட்ரூட்டுக்கு இந்த உப்புச் சடங்கு தேவையில்லை. கோசம்பரிக்கு ஊறிய பாசிப்பருப்பு, தேங்காய், கடுகு தாளிப்பு எல்லாம் கலந்து வைத்துவிட்டு, உப்பையும் எலுமிச்சையையும் இலையில் பரிமாறுகிற நேரத்தில் சேருங்கள். அரைமணி முன்னால் சேர்த்தால் கிண்ணத்தின் அடியில் சாறு நிற்கும்.

ஒரு எதிர்பார்ப்பையும் இங்கேயே கழற்றி வைத்துவிடலாம். இட்லித் தட்டில் வைத்து வேகவைத்தால் சுக்கினி இடியாப்பம் ஆகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆகாது. இடியாப்பத்தைப் பிடித்து வைத்திருப்பது மாவுச்சத்து, சுக்கினியில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. நூலின் நீளத்தைக் கத்திரிக்கோலால் ஒரு சாண் அளவுக்கு வெட்டி, காயைக் காயாகச் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும்.

நூலை வாயில் போட்டால் கசக்கிறது

இதை மட்டும் சரிசெய்ய முயலாதீர்கள், தூக்கிப் போடுங்கள். சுரை, சுக்கினி, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் சில காய்களில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். சமைத்தாலும் அது போவதில்லை. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் ஆபத்தான நிலைக்குப் போனதும், உயிரிழந்ததும் இந்தியாவில் நடந்திருக்கிறது. அதை ஆராய்ந்த நிபுணர் குழுவின் அறிக்கை 2012-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழில் வந்தது. கசக்கிற சுரைச் சாற்றைக் குடிக்கவே கூடாது, குடித்தபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்பைரலைசர் வந்த பிறகு இந்தக் காய்களைப் பச்சையாகச் சாப்பிடுவது கூடியிருக்கிறது. அதனால் சீவும் முன் காம்புப் பக்கத்தில் ஒரு துளி நறுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள்.

உருளைக்கிழங்கு நூல் பழுப்பாகிறது, பொரித்தால் ஒட்டிக்கொள்கிறது

காற்றுப் பட்டால் உருளை நிறம் மாறும். நூலை நேராகக் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்திலேயே விழவிடுங்கள். இருபது நிமிடம் ஊறி, இரண்டு முறை அலசினால் மேல்மாவு போய்விடும், எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு துணியில் ஒற்றி நன்றாகக் காயவிட வேண்டும், ஈரத்தோடு போட்டால் எண்ணெய் பொங்கும். பொரிக்கும்போது சட்டென்று கருகினால் கிழங்கு ஃபிரிட்ஜில் இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிரில் உருளையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், சர்க்கரை சீக்கிரம் கருகும்.

பற்களில் அடைப்பு, கறை, துரு

பாதி வேலையில் நூல் தட்டையாகி நாடாவாக வந்தால், சீப்புப் பற்களுக்கிடையே நார் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். விரலை விடாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, பிளேடின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் தேயுங்கள். சீவி முடித்த கையோடு ஓடுகிற தண்ணீரில் கழுவினால் ஒரு நிமிட வேலை. காயவிட்டால் ஒரு மணி நேர வேலை.

பீட்ரூட் கறை தண்ணீரில் கரையும், சோப்பே போதும். கேரட்டின் ஆரஞ்சு நிறம் எண்ணெயில்தான் கரையும். வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளித்துப் போனால் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்துவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள். உப்பும் எலுமிச்சையும் பட்ட பிளேடைக் கழுவாமல் இரவு முழுக்கத் தொட்டியில் போட்டால், ஸ்டெயின்லெஸ் என்று பெயர் இருந்தாலும் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கலாம். என் கருவியில் இரண்டு புள்ளி இருக்கிறது, அதே காரணத்தால்.

எல்லாம் சரி, இருந்தும் வரவில்லை

புது முள்ளங்கியை எடுத்துத் திருகுங்கள். அதுவே கசங்கி வந்தால் பிளேடின் ஆயுள் முடிந்தது. இந்தப் பற்களைச் சாணை பிடிக்க முடியாது. என் பக்கத்து வீட்டு அக்கா சாணைக்காரரிடமே கொடுத்துப் பார்த்தார். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற வாங்கிக்கோங்கம்மா" என்று கூலி வாங்காமல் கொடுத்துவிட்டார்.

வேறு வாங்கும்போது பெட்டிக்கு வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிளேடை ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்கள், மயிரிழைகூட ஆடக் கூடாது. நான் இடையில் மலிவாக வாங்கிய இன்னொன்றில் ஆடியது. மூன்றாவது கேரட்டிலேயே பிளேடு கழன்று சாலட்டுக்குள் விழுந்தது, யாரும் வாயில் போடும் முன் கண்ணில் பட்டது எங்கள் அதிர்ஷ்டம். வாய் ஐந்து சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். இடுப்புப் பகுதி உங்கள் கைக்கு அடங்க வேண்டும், வழவழப்பாக இல்லாமல் ரப்பர் பிடி இருந்தால் ஈரக் கைக்கு உதவும். முள் மூடி இல்லாத மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று வேலை, ஐந்து வேலை என்று பட்டியல் போடும் கருவிகளில் நான் பார்த்தவரை ஒரு வேலைதான் உருப்படியாக நடக்கிறது. இரண்டு பேர் வீட்டுக்கு உடுக்கை மாடல் தாராளம். ஐந்தாறு பேருக்குச் சமைக்கிற வீட்டில் இது அலுத்துவிடும்.

பழையதைக் குப்பையில் அப்படியே வீசாதீர்கள். இரண்டு வாயிலும் செய்தித்தாளைத் திணித்து, மேலே டேப் சுற்றி, "பிளேடு" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். குப்பை பிரிக்கிறவர்கள் வெறுங்கையோடுதான் உள்ளே துழாவுகிறார்கள்.